ஏழடி நங்கை: லாட்விய வீராங்கனை ஊல்யானா ஸெம்யோனோவாவின் சரித்திரம்

சரித்திரம் என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் முடிதரித்த மன்னர்களும், அவர்கள் நடத்திய போர்களும், எழுதிக்கொண்ட உடன்படிக்கைகளுமே பலருடைய மனக்கண்முன் வந்து நிற்கின்றன. பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகங்கள் நமக்கு ஊட்டிய பழக்கம் அது. ஆனால், ஒரு நாட்டு மக்கள் எதை மதித்தனர், எதை இகழ்ந்தனர், தம் பெண்மக்களை எந்நிலையில் வைத்தனர் என்பவற்றை அறிய வேண்டுமாயின், அரண்மனையைவிட ஆடுகளமே சில வேளைகளில் சிறந்த சாட்சியாக அமைந்துவிடுகின்றது. ஆடுகளத்தில் பரம்பரைப் பெருமை பலிக்காது. சிபாரிசுக் கடிதம் செல்லாது. பந்து கூடைக்குள் விழுந்ததா இல்லையா என்பது ஒன்றே கேள்வி.

அத்தகைய ஆடுகளத்தில் ஒரு தலைமுறைக் காலம் இணையின்றி நின்ற ஒரு பெண்மணியின் சரித்திரத்தையே இவ்வாரம் நாம் வாசகர்முன் வைக்க விரும்புகின்றோம். அவர் பெயர் ஊல்யானா ஸெம்யோனோவா. பால்டிக் கடற்கரையிலுள்ள லாட்வியா என்னும் சிறு நாட்டினர். கூடைப்பந்து ஆட்டத்தில் அவர் பெற்ற வெற்றிகளை அடுக்கிச் சொன்னால் அதுவே ஒரு நீண்ட பட்டியலாகும். எனினும், பட்டியல் வாசிப்பது நம் நோக்கமன்று. ஊரார் வகுத்துவைத்த அளவுக்குள் அடங்காத உடலோடு பிறந்த ஒரு பெண்ணைச் சமூகம் என்ன செய்கின்றது என்பது ஒரு கேள்வி. பிறர் ஆட்சிக்குட்பட்ட சிறு நாடொன்றில் வளர்ந்தவர் ஈட்டும் புகழ் யாருக்குச் சொந்தம் என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டுக்கும் அம்மையாருடைய வாழ்க்கை விடை கூறுவதாலேயே அதனை ஆராயப் புகுந்தோம்.

நாடும் அதன் நிலையும்

லாட்வியாவுக்கு வடக்கே எஸ்தோனியா, தெற்கே லிதுவேனியா, கிழக்கே ருஷ்யா, மேற்கே பால்டிக் கடல். தலைநகர் ரீகா, டௌகவா என்னும் ஆறு கடலோடு கலக்குமிடத்துக்கு அருகில் அமைந்துள்ள பழைய வர்த்தகப் பட்டணம். நாட்டின் ஜனத்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு. நெடுங்காலம் ருஷ்யச் சக்கரவர்த்திகளின் ஆட்சியில் இருந்த அந்நாடு, முதல் உலக யுத்தம் முடிந்த வேளையில், 1918ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி சுதந்திரப் பிரகடனம் செய்தது.

சுதந்திரம் பெற்ற சிறு நாடுகள் தம்மை உலகுக்கு அறிவித்துக்கொள்ளப் பல வழிகளைத் தேடுவது இயல்பு. லாட்வியருக்குக் கூடைப்பந்து அத்தகையதொரு வழியாயிற்று. 1935ஆம் ஆண்டு ஜினீவா நகரில் ஐரோப்பிய ஆடவர் கூடைப்பந்துப் போட்டி முதன்முதலாக நடைபெற்றபோது, இறுதிப் பந்தயத்தில் ஸ்பெயின் நாட்டை 24க்கு 18 என்ற கணக்கில் வென்று வாகை சூடியது லாட்வியா. பெரிய வல்லரசுகள் பார்த்திருக்க, ஒரு சிறு தேசம் ஐரோப்பாவில் முதலிடம் பெற்றது. அன்றிலிருந்து அந்த ஆட்டம் அம்மக்களின் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

ஐந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1940இல் சோவியத் படைகள் நாட்டைக் கைப்பற்றின. மறு ஆண்டு ஜெர்மானியர் புகுந்தனர். 1944இல் சோவியத் படைகள் மீண்டும் வந்தன. யுத்தம் ஓய்ந்தபோது லாட்வியா என்ற தனி நாடு பூகோளப் படத்தில் இல்லை. அங்குப் பிறந்த ஆட்டக்காரர் எவரும் இனித் தம் நாட்டின் பெயரால் உலக அரங்கில் ஆட இயலாது. நம் கதாநாயகி பிறந்தது இந்தச் சூழ்நிலையில்தான்.

பெண்களும் பந்தும்

கூடைப்பந்தின் தோற்றத்தைப் பற்றி இங்குச் சில சொற்கள் கூறவேண்டும். 1891இல் அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துப் பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கட்டடத்துக்குள்ளேயே ஆடுவதற்கென ஓர் ஆட்டத்தை வகுத்தார். பழம் வைக்கும் கூடைகளிரண்டை உயரத்தில் மாட்டி, பந்தை அவற்றுள் எறியச் செய்தார். மறு ஆண்டே, அண்மையிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் ஸெண்டா பெரென்ஸன் என்ற ஆசிரியை இவ்வாட்டத்தைப் பெண்களுக்குக் கற்பித்தார். ஆகவே, கூடைப்பந்து பிறந்த ஓராண்டுக்குள்ளேயே பெண்மக்கள் அதனை ஆடத் தொடங்கிவிட்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால், எவ்விதம் ஆடத் தொடங்கினர்? ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகக் கோடிட்டுப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவள் மற்றொரு பகுதிக்குள் கால் வைக்கலாகாது என்று விதித்தனர். எதிரியின் கையிலுள்ள பந்தைப் பறித்தலும் கூடாதென்றனர். பெண்ணின் தேகம் மெல்லியது, ஓட்டமும் மோதலும் அதற்குப் பொருந்தா என்பது அக்காலத்து மருத்துவரும் கல்விமான்களும் கூடிச் சொன்ன அபிப்பிராயம். வீட்டிலே கோடு கிழித்து வைத்தவர்கள் ஆடுகளத்திலும் கோடு கிழித்ததில் வியப்பென்ன?

இந்த அபிப்பிராயம் எவ்வளவு காலம் நிலைத்தது என்பதை இரண்டு ஆண்டுக் கணக்குகளால் அறியலாம். ஆடவர் கூடைப்பந்து ஒலிம்பிக் பந்தயத்தில் சேர்க்கப்பட்டது 1936இல். மகளிர் கூடைப்பந்து சேர்க்கப்பட்டதோ 1976இல். இடையிலே நாற்பது ஆண்டுகள். மகளிருக்கான உலகப் போட்டி 1953ஆம் ஆண்டிலேயே சிலி நாட்டில் நடந்தேறியும், ஒலிம்பிக் வாயிற்கதவு மேலும் இருபத்துமூன்று ஆண்டுகள் மூடியே கிடந்தது.

டிராம் டிரஸ்டின் கோஷ்டி

யுத்தத்துக்குப் பிந்திய ரீகா நகரில், தேசியக் கொடி பறக்க வழியற்ற காலத்தில், கூடைப்பந்து மட்டும் குன்றாமல் வளர்ந்தது. 1958 முதல் 1960 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பிய ஆடவர் கிண்ணத்தை வென்றது ரீகா நகரத்து இராணுவக் கோஷ்டியே. 218 சென்டிமீட்டர் உயரமுள்ள யானிஸ் க்ரூமின்ஷ் என்பவர் அக்கோஷ்டியின் தூண்.

அதே 1958இல் மகளிர் கோஷ்டியொன்றும் தோன்றிற்று. அதனை ஆதரித்தது நகரத்து டிராம், டிராலிபஸ் டிரஸ்டு. தலைக்குமேலுள்ள மின்சாரக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஓடும் டிராலிபஸ் சிங்கப்பூரின் பழைய வீதிகளை அறிந்தோருக்குப் புதிதன்று. அந்த ஸ்தாபனத்துப் பெயரின் மூன்று முதலெழுத்துக்களைக் கொண்டு 'டி.டி.டி.' என்றே அக்கோஷ்டி வழங்கலாயிற்று. ஸ்கைத்ரீதே ஸ்மில்ட்ஸிஞா முதலிய லாட்விய நங்கையர் அதன் ஆதிகாலத்து நட்சத்திரங்கள். பின்னர் நெடுங்காலம் ரைமொண்ட்ஸ் கார்னீதிஸ் என்பவர் அதற்குப் பயிற்சி ஆசிரியராக விளங்கினார்.

பயணச் சீட்டு விற்றுப் பிழைக்கும் ஒரு நகரப் போக்குவரத்து ஸ்தாபனத்தின் பெயரைத் தாங்கிய இக்கோஷ்டி என்ன சாதித்தது? 1960 முதல் 1982 வரையுள்ள காலத்தில் ஐரோப்பிய மகளிர் சாம்பியன் கிண்ணத்தைப் பதினெட்டு முறை வென்றது. 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு ஆண்டுகள் ஒருமுறைகூடக் கைநழுவ விடாமல் வென்றது. வாகனத் தொழிலாளரின் பெயரோடு கிளம்பிய பெண்கள் ஐரோப்பாவின் பெருநகரங்களையெல்லாம் வென்று திரும்பினர் என்றால், அஃது ஒரு சிறு மக்கட்கூட்டத்தின் தன்னம்பிக்கைக்கு எத்தகைய மருந்தாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

கிராமத்துச் சிறுமி

1952ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி, லாட்வியாவின் தென்கிழக்குக் கோடியில், டௌகவ்பில்ஸ் நகரத்தை அடுத்த நாட்டுப்புறத்தில் ஊல்யானா பிறந்தார். ஸெம்யோனோவா என்பது ருஷ்யப் பெயர். அந்த வட்டாரத்தில் லாட்வியரும் ருஷ்யரும் பிறரும் கலந்து வாழ்வது தொன்றுதொட்ட வழக்கம். பட்டணத்துச் செல்வமோ செல்வாக்கோ அக்குடும்பத்துக்கு இல்லை.

சிறுமி வளர்ந்தாள், வளர்ந்துகொண்டே இருந்தாள். பதின்மூன்று வயதுக்குள்ளாகவே ஆறடியைக் கடந்துவிட்டாள். முழு வளர்ச்சி அடைந்தபோது அம்மையாரின் உயரம் 2 மீட்டர் 13 சென்டிமீட்டர், அதாவது ஏழடி. காலணியின் அளவு ஐரோப்பியக் கணக்கில் 58. அந்த அளவில் காலணி எந்தக் கடையிலும் விற்பனைக்கு இராது. தனியே தைத்தாக வேண்டும். ஆடையும் அவ்வாறே. கட்டிலும், கதவும், வண்டியின் ஆசனமும் உலகத்தில் பிறருடைய அளவுக்கே செய்யப்பட்டுள்ளன.

வாசகர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டுகின்றோம். ஆண்மகன் ஒருவன் நெடிது வளர்ந்தால், "ஆஜானுபாகு" என்றும், "கம்பீரபுருஷன்" என்றும் உலகம் போற்றுகின்றது. பெண்ணொருத்தி சற்று மிகையாக வளர்ந்தாலோ, அவளைப் பெற்றவர்களுக்கே கவலை பிறந்துவிடுகின்றது. "இவளுக்கு ஏற்ற மணமகனை எங்கே தேடுவது?" என்பது முதற் கேள்வி. வீதியில் நடந்தால் விழிகள் துளைக்கும்; சிறுவர் கேலி செய்வர். பெண்ணுடல் என்பது பிறர் பார்த்து மகிழ்வதற்கென்று அமைந்த பொருள் என்ற எண்ணம், கீழ்நாடு மேல்நாடு என்ற பேதமின்றி எங்கும் பரவியிருப்பதன் விளைவு இது. அவ்வுடலால் அவள் என்ன செய்யக்கூடும் என்று கேட்பவர் மிகச் சிலர்.

ஊல்யானாவின் நற்பேறு, அக்கேள்வியைக் கேட்டவர்கள் அவர் இருக்குமிடத்தைத் தேடி வந்தார்கள் என்பதே. நெட்டையான ஒரு சிறுமி டௌகவ்பில்ஸ் பக்கத்தில் இருக்கின்றாள் என்ற செய்தி ரீகாவுக்கு எட்டியது. பதின்மூன்றாம் வயதளவில் அவரைத் தலைநகருக்கு அழைத்துச் சென்று டி.டி.டி. கோஷ்டியில் சேர்த்தனர். வேடிக்கைப் பொருளாகியிருக்கக் கூடிய ஒரு பெண், கோஷ்டியின் ஆணிவேராகும் பாதை அன்று திறந்தது.

தோல்வி காணாத பதினெட்டு ஆண்டுகள்

1968இல், பதினாறு வயதுப் பெண்ணாக, இத்தாலியிலுள்ள மெஸ்ஸினா நகரில் நடைபெற்ற ஐரோப்பிய மகளிர் போட்டிக்குச் சோவியத் கோஷ்டியோடு அவர் சென்றார். அக்கோஷ்டி வென்றது. பின்னர் 1970, 1972, 1974, 1976, 1978, 1980, 1981, 1983, 1985 ஆகிய ஆண்டுகளிலும் அதே வெற்றி. ஆகப் பத்து ஐரோப்பியப் பட்டங்கள். உலகப் போட்டியில் 1971இல் பிரேஸிலிலும், 1975இல் கொலம்பியாவிலும், 1983இல் மறுபடியும் பிரேஸிலிலும் வெற்றி. 1976இலும் 1980இலும் ஒலிம்பிக் தங்கப் பதக்கம். டி.டி.டி. கோஷ்டியோடு ஐரோப்பியச் சாம்பியன் கிண்ணம் பதினொரு முறை. சோவியத் தேசியப் பட்டம் பதினைந்து முறை.

கழகங்களின் போட்டியில் டி.டி.டி. தோற்ற ஆண்டுகளும் உண்டு. 1976இல் ப்ராக் நகரத்துக் கோஷ்டியும், 1978இல் இத்தாலியக் கோஷ்டியொன்றும் ஐரோப்பியக் கிண்ணத்தைக் கொண்டுசென்றன. ஆனால், சோவியத் தேசியக் கோஷ்டியின் உடையணிந்து ஸெம்யோனோவா அம்மையார் ஆடிய பதினெட்டு ஆண்டுகளில், உத்தியோகபூர்வமான சர்வதேசப் பந்தயம் ஒன்றிலேனும் அவர் தோல்வியைக் கண்டதில்லை. விளையாட்டுலகின் சரித்திரத்தில் இதற்கு இணை கூறுதல் அரிது.

இவ்விடத்தில் மற்றொரு பெண்மணியையும் நாம் மறத்தலாகாது. 1962 முதல் 1984 வரை அத்தேசியக் கோஷ்டியை நடத்திய தலைமை ஆசிரியை லிதியா அலெக்ஸேயேவா. பெண்கள் ஆடும் கோஷ்டிக்குப் பெண்ணே தலைவியாயிருந்து, ஒரு தோல்வியுமின்றி இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்திக் காட்டினார். பெண்களுக்கு நிர்வாகத் திறமை இல்லை என்று மேடைதோறும் முழங்குவோர் இந்த அம்மையாரின் கணக்கைப் பார்ப்பாராக.

மாண்ட்ரியால் நகரில்

1976ஆம் ஆண்டு ஜூலையில் கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரில், ஒலிம்பிக் சரித்திரத்தில் முதன்முறையாக, மகளிர் கூடைப்பந்து ஆடப்பட்டது. ஆறு கோஷ்டிகளே பங்குபற்றின. சோவியத் கோஷ்டி ஐந்து பந்தயங்களிலும் வென்றது. அமெரிக்கா வெள்ளியும் பல்கேரியா வெண்கலமும் பெற்றன. அமெரிக்காவை எதிர்த்த பந்தயத்தில் சோவியத் கோஷ்டி பெற்ற புள்ளிகள் 112. அமெரிக்கா பெற்றவை 77.

அந்த அமெரிக்கக் கோஷ்டியின் நடுநாயகமாக நின்றவர் லூஸியா ஹாரிஸ் என்ற கறுப்பின நங்கை. மிஸிஸிப்பி மாகாணத்தில் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழைக் குடும்பத்தின் மகள். 6 அடி 3 அங்குல உயரம் கொண்டவர். ஒலிம்பிக் மகளிர் கூடைப்பந்தில் முதற் கூடையைப் போட்ட பெருமை அவருக்கே உரியது. அத்தகையவரும் ஸெம்யோனோவாவின் அருகில் சிறியவராகவே தோன்றினார்.

எனினும், இவ்விருவரையும் எதிரிகளாக மட்டும் பார்ப்பது போதாது என்பது நம் கருத்து. இருவரும் நாட்டுப்புறத்து எளிய குடும்பங்களில் பிறந்தவர்கள். உயரத்தின் பொருட்டுப் பார்வைக்கு இலக்கானவர்கள். அதே உயரத்தால் உலகறியப் பெற்றவர்கள். பல்லாயிரம் மைலுக்கப்பால், இரு வேறு ஆட்சிமுறைகளின் கீழ், ஒரே விதமான தடையைத் தாண்டி வந்த இரு சகோதரிகள் அன்று ஒரு களத்தில் சந்தித்தனர். ஹாரிஸ் அம்மையாருக்குக் கல்லூரிப் படிப்பு முடிந்த பின்னர், சொந்த நாட்டில் பெண்கள் ஊதியம் பெற்று ஆடத்தக்க நிலையான கழகப் போட்டி ஒன்றும் இல்லை. இன்று அமெரிக்காவில் விளங்கும் மகளிர் தொழில்முறைப் போட்டி 1997இல்தான் தொடங்கிற்று. செல்வத்தில் முதலிடம் வகித்த நாட்டின் நிலையே இதுவாயின், பிற நாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

உயரம் ஒன்றே காரணமா?

"ஏழடி உயரமிருந்தால் யார்தான் கூடை போடமாட்டார்? இதில் திறமைக்கு என்ன இடம்?" என்று அக்காலத்தில் கேட்டவர் பலர்; இன்றும் கேட்பவர் உளர். இவ்வாதத்தைத் தள்ளிவிடாமல் ஆராய்வதே நேர்மையாகும்.

உயரம் பெருந்துணை என்பதை மறுப்பார் இல்லை. கூடையின் விளிம்பு தரையிலிருந்து பத்தடி உயரத்தில் உள்ளது. ஏழடிப் பெண் கையைத் தூக்கினால் விளிம்புக்கு மிக அண்மையில் செல்லும். பிறர் குதித்தும் அவர் பந்தைத் தொடுதல் கடினம். ஆனால், ஆட்டத்தின் சட்டங்களையும் நாம் நோக்க வேண்டும். தாக்கும் கோஷ்டியினர் கூடைக்கடியிலுள்ள பகுதியில் மூன்று வினாடிக்கு மேல் தொடர்ந்து நிற்கலாகாது. ஆகவே, உள்ளே புகுதலும், இடம்பிடித்தலும், பந்தை வாங்குதலும், எறிதலும் அவ்வளவில் முடிந்தாக வேண்டும். எதிர்க்கோஷ்டியினர் இருவரும் மூவரும் ஒரே சமயத்தில் அவரைச் சூழ்ந்து நெருக்குவர். அந்நெருக்கத்தில் எதிரியின் கையை அறியாமல் அடித்துவிட்டாலும் குற்றக் கணக்கு ஏறும்; ஐந்து குற்றமானால் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். பேருடல் கொண்டவருக்கு இது எத்துணைக் கடினம் என்பதை ஆடிப் பார்த்தவரே அறிவர்.

மேலும், பருத்த உயரமான தேகத்தைச் சுமந்து களத்தின் இரு கோடிக்கும் ஓடுவது முழங்காலையும் இடுப்பையும் நாள்தோறும் தேய்க்கின்ற வேலை. நெட்டையானவர் உலகில் பலர் பிறந்திருக்கின்றனர். பதினெட்டு ஆண்டுகள் தளராமல் முதலிடத்தில் நின்றவர் எத்தனை பேர்? உயரம் என்பது பிறப்போடு வந்த முதல் மட்டுமே. அந்த முதலை வட்டியோடு பெருக்கியது பயிற்சி. பந்தைத் தானே எறிந்துவிடாமல், தம்மைச் சூழ்ந்தவரால் காவலின்றி விடப்பட்ட தோழியைக் கண்டு கொடுப்பதும், அத்தோழியர் அவருடைய கையறிந்து உயரத்தில் பந்தை அனுப்புவதும் ஒரு கோஷ்டி முழுவதும் பல்லாண்டு பழகிய கலை.

உயரம் ஒன்றே வெற்றியைத் தந்துவிடாது என்பதற்கு 1983ஆம் ஆண்டின் உலகப் போட்டியே சான்று. அதற்குள் அமெரிக்கப் பெண்கள் வேகத்தையும் துணிவையும் பெருக்கிக்கொண்டு வந்திருந்தனர். இறுதிப் பந்தயத்தில் சோவியத் கோஷ்டி வென்றது 84க்கு 82 என்ற கணக்கில். மாண்ட்ரியாலில் முப்பத்தைந்து புள்ளி வித்தியாசம். ஏழே ஆண்டுகளில் இரண்டே புள்ளி. 1986இல் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியின் இறுதிப் பந்தயத்தில் அமெரிக்கா 108க்கு 88 என்று வென்று, சோவியத் கோஷ்டியின் நெடுங்கால ஆதிக்கத்தை முடித்துவைத்தது. ஒருவர் ஏறிய உயரம் மற்றவர்க்கு ஏணியாகின்றது. வலிய எதிரி ஒருவர் இருந்தமையாலேயே உலகெங்கும் மகளிர் ஆட்டம் முன்னேறிற்று.

புகழ் யாருடையது?

இனி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். இத்தனை வெற்றிகளுக்குப் பின்னும், அம்மையார் மேடையில் ஏறி நின்ற வேளைகளில் உயர்ந்தது லாட்வியக் கொடியன்று. ஒலித்ததும் லாட்வியப் பாடலன்று. வெளிநாட்டுப் பத்திரிகைகள் பலவும் அவரை 'ருஷ்ய நங்கை' என்றே எழுதின. குருதியால் அவர் ருஷ்ய இனத்தவரே. ஆயினும் அவரை வளர்த்த நிலமும், ஆட்டம் கற்பித்த நகரமும், அவர் பெயரை நெஞ்சில் தாங்கிய மக்களும் லாட்வியாவினுடையவை. பந்தயத்துக்குச் செல்லும்போது ஒரு வல்லரசின் சொத்து. திரும்பி வந்தால் ரீகா நகரத்துப் பெண். இந்த இரட்டை வாழ்க்கை அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிறர் ஆட்சியின்கீழ் வாழும் ஒவ்வொரு தேசத்தின் கலைஞருக்கும் வீரருக்கும் நேர்வதே.

வல்லரசின் சொத்தானமையால், அதன் சண்டைச் சச்சரவுகளிலும் அவர் பங்குகொள்ள வேண்டியதாயிற்று. 1979ஆம் ஆண்டு உலகப் போட்டி தென்கொரியாவின் தலைநகரில் நடந்தது; சோவியத் கோஷ்டி அங்குச் செல்லவில்லை. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா பகிஷ்கரித்தது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைச் சோவியத் அரசாங்கம் பதிலுக்குப் பகிஷ்கரித்தது. அதனால் மூன்றாவது தங்கப் பதக்கத்துக்கு ஆடும் வாய்ப்பே அம்மையாருக்குக் கிட்டாமல் போயிற்று. எதிரியால் அவரைத் தோற்கடிக்க இயலவில்லை. சொந்த அரசாங்கத்தின் கையெழுத்து அவரை வீட்டில் அமர்த்திற்று. யானைகள் பொருதினால் மிதிபடுவது புல் அல்லவா?

ஊதியத்தின் கதையும் இத்தகையதே. சோவியத் ஆட்டக்காரர் யாவரும் கடுதாசியில் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்; உண்மையிலோ நாள் முழுவதும் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர். தொழிலாளியின் உழைப்பு உண்டு. தொழிலாளி என்ற பெயர் இல்லை. பெயர் இல்லாமையால் பேரம் பேசும் உரிமையும் இல்லை. 1987இல் டி.டி.டி. கோஷ்டியோடு ரொன்கெட்டி கிண்ணத்தை வென்ற பின்னரே, முப்பத்தைந்தாம் வயதில், அவர் அயல்நாடு செல்ல அனுமதி பெற்றார். ஸ்பெயினில் டின்டொரெட்டோ கழகத்துக்கும், அதன்பின் பிரான்ஸில் வலான்ஸியேன் ஓர்ஷீ கழகத்துக்கும் ஆடினார். வெளிப்படையாகத் தொழில்முறை ஆட்டக்காரரானது அப்போதுதான். அப்பொழுதும், அயல்நாடு சென்ற சோவியத் ஆட்டக்காரர் பலருடைய சம்பளத்தில் பெரும்பகுதி அரசாங்க விளையாட்டு ஸ்தாபனத்துக்கே சென்றது அக்காலத்து நடைமுறை. உழைத்தவர் ஒருவர், உண்டவர் மற்றொருவர். தேக வலிமை உச்சத்திலிருந்த ஆண்டுகளெல்லாம் மெடல்களாகவே போயின. மெடலை அடகு வைத்தன்றி அடுப்பெரிக்க முடியாத நிலை முதுமையில் எத்தனையோ வீரர்க்கு வந்திருக்கின்றது.

பிற்காலத்துப் பணி

1991இல் லாட்வியா தன் சுதந்திரத்தை மீண்டும் பெற்றது. மறு ஆண்டு ஒலிம்பிக்கில் அதன் கொடி மறுபடியும் தோன்றிற்று. அம்மையார் ஆடும் பருவம் அதற்குள் முடிந்துவிட்டது. தம் நாட்டின் பெயரால் ஓர் ஒலிம்பிக் பந்தயமேனும் ஆடும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

உலகம் அவரை மறக்கவில்லை. கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நெய்ஸ்மித் பெயரால் விளங்கும் புகழ் மண்டபத்தில் 1993இல் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அமெரிக்கர் அல்லாத பெண்மணியருள் அம்மண்டபத்தில் முதன்முதல் இடம்பெற்றவர் அவரே. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமும் 2007இல் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

இவற்றையெல்லாம்விட நம் உள்ளத்தைக் கவர்வது, புகழ் பெற்ற பின் அவர் ஏற்றுக்கொண்ட பணியே. லாட்விய ஒலிம்பிக் வீரர்களின் சமூக நிதி என்னும் அமைப்புக்குத் தலைவியாயிருந்து, முதுமையிலும் நோயிலும் வாடும் பழைய ஆட்டக்காரர்க்கு உதவி கிடைக்க உழைத்தார். ஆட்டக்காரனைக் கைதட்டி வரவேற்கும் கூட்டம், அவன் முழங்கால் தேய்ந்து மூலையில் முடங்கும்போது எட்டிப் பார்ப்பதில்லை. பிழிந்தெடுத்த கரும்புச் சக்கையை யார் கவனிப்பார்? அந்தச் சக்கையென ஒதுக்கப்பட்டவர்களும் மனிதர்களே என்பதைத் தம் சொந்தத் தேகத்தின் நோவினால் உணர்ந்தவர் அவர். வாழ்நாளெல்லாம் பெற்றுக்கொள்ள உரிமையிருந்தும் பெறாத ஒருவர், பிறர் பெறுவதற்காகக் கதவைத் தட்டினார் என்பதே அவருடைய வெற்றிகளுள் தலையாயது என்போம்.

அவர் விதைத்த விதை முளைக்காமலும் போகவில்லை. 2007ஆம் ஆண்டு ஐரோப்பிய மகளிர் போட்டியில் லாட்வியா தன் சொந்தப் பெயரால் ஆடி நான்காம் இடம் பெற்றது. அக்கோஷ்டியின் முதல் நட்சத்திரம் அநேதே யேகப்ஸோனே என்ற ரீகா நகரத்து நங்கை. 2008இல் பீக்கிங் ஒலிம்பிக்கில் லாட்விய மகளிர் தம் சொந்தக் கொடியின்கீழ் களமிறங்கினர். பதக்கம் கிட்டவில்லை; ஆயினும் உடையின்மீது நாட்டின் பெயர் இருந்தது. இரண்டு தங்கப் பதக்கம் பெற்றவருக்கும் கிட்டாத பெருமை அது.

நாம் அறிய வேண்டுவது

அம்மையாரின் சரித்திரத்திலிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்துக்கள் இரண்டு. பெண்ணின் தேகம் பிறர் கண்ணுக்கு விருந்தாக அமைந்ததன்று. அவளுடைய சொந்தச் செயலுக்குக் கருவியாக அமைந்தது. அது நெடிதாயினும் குறிதாயினும், கறுப்பாயினும் சிவப்பாயினும், "இதனால் நீ என்ன செய்ய விரும்புகின்றாய்?" என்று கேட்பதே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அழகு. டௌகவ்பில்ஸ் பக்கத்துச் சிறுமியிடம் அக்கேள்வியைக் கேட்க ஒருவர் வந்தார். ஓர் உலகச் சரித்திரம் பிறந்தது. கேட்க ஒருவரும் வராமல் சுவருக்குப் பின்னே கூனிக் குறுகி மறைந்த சிறுமியர் எத்தனை ஆயிரம் பேர் என்பதற்குக் கணக்கெழுதியவர் எவரும் இல்லை.

மற்றொன்று, புகழைப் பற்றியது. கொடிகள் மாறும், அரசாங்கங்கள் வரும், போகும். சோவியத் யூனியன் என்ற வல்லரசு 1991இல் மறைந்தது. அதன் பெயரால் வெல்லப்பட்ட பதக்கங்களை உரிமை கொண்டாட இன்று அந்த அரசு இல்லை. ஆனால், பந்தை வாங்கி எறிந்த கையின் உழைப்பு மறையவில்லை. புகழ் ஆட்சியாளருக்குச் சொந்தமன்று. உழைத்தவருக்கும், அவ்வுழைப்பை உருவாக்கிய மக்களுக்குமே சொந்தம். உழைத்தவர் ஓய்ந்த பின் அவருக்குச் சோறும் மருந்தும் தேடித் தருவதே அப்புகழைக் கொண்டாடும் முறை. மாலை சூட்டும் கைகள் அதையும் செய்யக் கற்றுக்கொள்ளட்டும்.